இடது பக்கத்து இருக்கை

திருச்செல்வத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், தனக்குப் பொருத்தப்பட்ட முதல் பாடியை ஒரே வாரத்தில் கழற்றிப் போட்டது. கிள்ளான் பண்டமாரானில் டொமினிக் தன் பட்டறைக் கதவைக் காலையில் திறந்தபோது, பச்சைச் சாயம் பூசிய அந்தத் தகர உடம்பு முழுசாகத் தரையில் கிடந்தது. பாம்பு சட்டை உரித்த மாதிரி, ஒரு கீறல் இல்லை. இன்ஜினும் சக்கரங்களும் வெறும் சேசிஸுமாக வண்டி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. டொமினிக் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு தே தாரிக் குடிக்கப் போனார். வாடிக்கையாளர்கள் மனம் மாறுவது அவர் தொழிலில் புதிதல்ல. வண்டி மனம் மாறியதுதான் புதிது.

அது திருச்செல்வத்தின் கார் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் அது அவர் மனைவி அமுதவள்ளியின் அப்பாவுடையது. நாட்டை விட்டுப் போன தோட்டத் துரை ஒருவர் ஓடாத வண்டியைத் தன் டிரைவரான அவள் அப்பாவிடம் விட்டுப் போனார். பாடி துருப்பிடித்து உதிர்ந்தது. எலும்புக்கூடு மகளுக்கு வந்தது. அதில் ஒருமுறை உட்கார்ந்து போகவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வண்டியிடம் வேறு எதிர்பார்ப்பு இருந்ததில்லை. ஓட்ட அவளுக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்க வந்த திருச்செல்வம் ஒவ்வொரு முச்சந்தியிலும் அலறியதில் அந்தப் படிப்பு பாதியில் நின்றுபோனது. திருச்செல்வம் பிரிக்ஃபீல்ட்ஸில் இன்சூரன்ஸ் அலுவலகம் வைத்திருந்தார். வேகமே வெற்றி என்று இளம் ஏஜென்டுகளுக்கு மேடையேறிப் பேசிவிட்டு, ஃபெடரல் ஹைவேயில் சிமெண்ட் லோரிக்குப் பின்னால் இடது ஓரமாகவே வீடு வந்து சேர்வார். அமுதவள்ளி அவரை வெறுக்கவில்லை. வெறுப்பதற்கு மெனக்கெட வேண்டும். ஏளனம் அப்படியல்ல, அடுப்பில் வைத்த பால் மாதிரி தானே பொங்கும்.

என்ன பாடி போடுவது என்பதைத் திருச்செல்வத்துக்குப் பங்சாரில் கூடும் பழைய கார் சங்கத்தார் சொல்லித்தந்தார்கள். அவர்கள் தங்கள் கார்களை லோரியில் ஏற்றிவந்து, கூட்டம் நடக்கும் உணவகத்துக்கு இரண்டு தெரு முன்னால் இறக்கி, தோல் கையுறை மாட்டிக்கொண்டு ஓட்டி வருகிறவர்கள். திறந்த பாடி போடு என்றார்கள், போட்டார், வண்டி உரித்தது. கூரை வைத்த பாடிதான் கௌரவம் என்றார்கள், அதையும் உரித்தது. நீள மூக்கு, குட்டை வால், குட்டை மூக்கு, நீள வால் என்று வருடங்கள் போயின. உரித்த பாடிகள் வீணாகவில்லை. கூரை வைத்தது ஒரு கோழிக்கூண்டானது. நீள மூக்கைத் தைப்பூசத்துக்கு மல்லாக்கப் போட்டு அதில் மோர் ஊற்றி வழங்கினார்கள். ஒன்றில் டொமினிக்கின் மனைவி குளோரியா லெங்குவாஸ் கிழங்கு நட்டாள், நன்றாக வந்தது.

கடைசியில் சங்கத்தார் பந்தயக் கார் பாணிக்கு வந்து சேர்ந்தார்கள். ஓட்டுகிறவருக்கு மட்டும் இடம், அவர் தலைக்குப் பின்னால் திமில் மாதிரி ஒரு மேடு, பக்கத்து இருக்கைக்கு மேல் அலுமினியத் தகடு போட்டு மூடி. அந்தப் பாடியின் வரைபடத்தைப் பார்க்க அமுதவள்ளியும் பட்டறைக்கு வந்திருந்தாள்.

"நான் எங்க உக்கார்றது?" என்றாள்.

"இது ரேஸ் ஸ்டைல், அமுதா. ரேஸ்ல எவன்லா பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு ஓட்டுறான்?" என்றார் திருச்செல்வம்.

"நீங்க எந்த ரேஸ்ல ஓட்டுனீங்க?"

"ஸ்டைல்னுதான சொன்னேன்."

"விடுங்க அக்கா," என்றார் டொமினிக். "அண்ணனுக்கு பங்சார் மேடு ஏறுறதே ரேஸ்தான்லா."

அமுதவள்ளி சிரித்தாள். ஆனால் டொமினிக் தகட்டை வெட்டி இடது பக்கத்து இருக்கையை மூடிய அன்று அவள் சிரிக்கவில்லை. அப்பா விட்டுப்போன வண்டியில் தனக்கு ஒரு முழ இடம் இல்லை என்பதை நின்று பார்த்துவிட்டுக் கிரேப் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பாடியை வண்டி உரிக்கவில்லை. ஒரு மாதம் பார்த்தார்கள், அசையவில்லை. பொருந்திவிட்டது என்று திருச்செல்வம் எல்லோருக்கும் பிரியாணி போட்டார். சங்கத்தார் மோரிப் கடற்கரைக்கு ஊர்வலம் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, அவர் வெள்ளை உடையில் பட்டறைக்கு வந்தபோது தகடு வலது பக்கம் நகர்ந்திருந்தது. திமிலும் கூடவே நகர்ந்திருந்தது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் உள்ளே அடைபட்டுவிட, இடது இருக்கை காலைவெயிலில் திறந்து கிடந்தது. டொமினிக் தகட்டை வெட்டினார். வெட்டிய இடம் தயிர் உறைவதுபோல் மூடிக்கொண்டது. திருச்செல்வம் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து பார்த்தார். வண்டி மூச்சு விடவில்லை. வழியனுப்ப வந்திருந்த அமுதவள்ளி, "கொஞ்சம் எறங்குங்க," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்ததும் இன்ஜின் உறுமியது. தகட்டுக்கு அடியில் கியர் விழும் சத்தம் கேட்டது. வண்டி சங்கத்தாரின் லோரிகளை எல்லாம் தாண்டிப் போய், அவள் மோரிப்பில் இளநீர் குடித்து முடித்து, கடல் சலித்த பிறகு திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வண்டி அவளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஷா ஆலம் பக்கம் நிறுத்திய ஒரு போலீஸ்காரர் தகட்டைத் தட்டிப் பார்த்து, ஓட்டுவது யார் என்று கேட்டார். "தெரியல பாஸ், நான் பக்கத்துல உக்கார்ந்து வரேன்," என்றாள். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் லைசென்ஸ் கேட்க முடியாது என்பதால் பெல்ட்டைப் போடச் சொல்லி அனுப்பிவைத்தார். அவள் வலது ஓரத்தில் பறந்து போகும்போது, சிமெண்ட் லோரிக்குப் பின்னால் வரும் திருச்செல்வம் இப்போதெல்லாம் கையாட்டுகிறார். அந்தப் பாணியைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று மேடைகளில் சொல்கிறார். அவர் சொல்வதைக் கேட்டு, சங்கத்தில் இரண்டு பேர் ஓட்டுகிறவர் பக்கத்தை அடைத்த பாடியே வேண்டும் என்று டொமினிக்கிடம் செய்து வாங்கிப் போனார்கள். அந்தக் கார்கள் பங்சாரில் வீட்டு முகப்பில் நிற்கின்றன, ஞாயிறுதோறும் மெழுகு பூசுகிறார்கள். அவை ஓரடிகூட நகரவில்லை. அதை ஒரு குறையாக இதுவரை யாரும் சொன்னதில்லை.