தோல் காயும் நேரம்

விசாலாட்சி அம்மா அன்று மேடையில் போர்த்திக்கொண்டது காப்பிச் சாக்கு என்றுதான் எனக்கு நினைவு. மேல்மலையில் பூண்டு விளைவிக்கும் பூண்டி ஊர்க்காரர்கள் அது பூண்டுச் சாக்கு என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களில் ஒருவர்கூட மாற்றிச் சொன்னதில்லை. அதனால் பிழை என்னிடம் இருக்கலாம். நான் மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவன். அருகில் இருந்தவன் சரியாகப் பார்த்திருப்பான் என்ற நம்பிக்கை முன்பு எனக்கு இருந்தது. இப்போது இல்லை. வருஷம்கூட ஐம்பத்து மூன்றா, நான்கா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். களத்தில் காயும் கொட்டையில் ஈரம் போய்விட்டதா என்று பார்ப்பது என் வேலை. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கணப்புச் சட்டியும் மடியில் ஒரு புத்தகமும் இருந்தால் எனக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

தைப்பூசத்துக்குப் பழநியில் கூடிய கூட்டம் கலைந்த பிறகு, எங்கள் ஊர் முருகன் கோயிலில் ஒரு கச்சேரி நடக்கும். பாட வந்தவர் நெய்க்காரப்பட்டி விசாலாட்சி. பண்ணைக்காடு வரை பஸ், அங்கிருந்து ஜீப். கூடவே சுருதிப்பெட்டி போடத் தங்கை சண்முகசுந்தரியும், மிருதங்கத்துக்கு நாச்சிமுத்து அண்ணனும் வந்தார்கள்.

அவர் வந்த முதல் வருஷம், மூன்றாவது பாட்டில் பனிமூட்டம் இறங்கியது. பந்தலுக்குள்ளேயே எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் மிருதங்கத்தில் நாதம் இல்லை. நாச்சிமுத்து அண்ணன் அடிக்கிறார், தொப் தொப் என்கிறது. ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டது. சமவெளிக்காரர், இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அண்ணே, மத்தளத்த வீட்டுல வச்சுட்டு பூசணிக்காயத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். தோலைக் கணப்பில் காட்டச் சொல்லி யாரோ மிருதங்கத்தைத் தூக்கி என்னிடம் கொடுத்தார்கள். கணப்புச் சட்டி வைத்திருந்தவன் நான்தானே. நாச்சிமுத்து அண்ணன் என் பக்கத்தில் வந்து குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் விசாலாட்சி அம்மா பேச ஆரம்பித்தார்.

"ஏங்க, மூட்டைக்கெல்லாம் சாக்கு போத்தி வச்சிருக்கீங்க. பாட வந்தவள ஒத்தச் சேலையோட குளிருல உக்கார வச்சிருக்கீங்க. எனக்கும் ஒரு சாக்கு குடுத்தாத்தான் என்ன?"

கூட்டத்திலிருந்து ஒரு சாக்கு பறந்து வந்தது. அதை இரண்டு உதறு உதறி, பட்டுச் சேலைக்கு மேல் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்துக்கோங்க, பொன்னாடை போத்திட்டாங்க. யாராச்சும் பேப்பருக்கு எழுதிப் போட்டுருங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "என்னங்க, தோலு காஞ்சிருச்சா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"காஞ்சதுக்கு ஆட்டுறீங்களா, காயாததுக்கு ஆட்டுறீங்களா? ஏ சாமிகளா, இந்தப் பேசாமடந்தைகிட்டப் போயி மத்தளத்தக் குடுத்திருக்கீங்களே! இது காஞ்சது எனக்கு எந்தச் சென்மத்துல தெரியும்?"

கூட்டம் உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து மலை முழுக்க என் பெயர் பேசாமடந்தை. என்னைப் பற்றிப் பிறர் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. அன்று மட்டும் பிடித்திருந்தது. ஏன் என்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் யோசித்தேன்.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அவர் வந்தார். ஒவ்வொரு வருஷமும் பனி இறங்கியது. மிருதங்கம் என் மடிக்கு வந்தது. ஜனங்கள் அந்த இடைவேளைக்குத் 'தோல் காயுற நேரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பாட்டுக்கு எப்ப வேணா போலாம்டி, தோலு காயுறதுக்குள்ள போயிரணும்" என்று பெண்கள் வெள்ளனே சோலியை முடித்துவிட்டு வெரசாக வருவார்கள். தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும் புதுப் பெண் மாப்பிள்ளையை அவர் மேடையிலிருந்தே பக்கத்தில் உட்கார வைப்பார். எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்கும் கண்மணிக்கு மணி அடித்தாற்போல் ஒரு சிரிப்பு உண்டு. "கண்மணி, நீ ஒருக்காச் சிரி. நான் சுருதி சேத்துக்கிறேன்" என்பார். அவள் சிரிப்பாள். அவர் அதிலிருந்தே பாட்டை எடுப்பார்.

அதுதான் எனக்கு இன்றும் விளங்காத இடம். தொண்டையைச் செருமிக்கொள்ள மாட்டார். நிமிர்ந்து உட்கார மாட்டார். பேசிக்கொண்டிருந்த வாக்கியம் முடியும் முன்பே பாட்டு தொடங்கியிருக்கும். மேலே போகும்போது குளிருக்கு மூக்கை உறிஞ்சிக்கொள்வார். அதுவும் தாளத்தில் விழும். பெரிய பாடகிகளின் இசைத்தட்டுகளைக் கொடைக்கானலில் கேட்டிருக்கிறேன். அவர்கள் எங்கோ இருந்து பாடினார்கள். இவர் பாடும்போது, நம்மிடம் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பாடுகிறார் என்று இருக்கும். அவர் குரல் எந்தத் தட்டிலும் ஏறவில்லை.

அறுபத்தொன்றில், மழைக்காலத்தில், மஞ்சள் காமாலை வந்து அவர் காலமானார்.

அடுத்த தை மாதம் சண்முகசுந்தரி பாட வந்தார். கச்சேரிக்கு முன்னால் நாச்சிமுத்து அண்ணன் என் கணப்புச் சட்டியருகே குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்து சொன்னார்.

"தம்பி, அக்கா பாடுன ஊர்க்காரங்க பூராம் இந்த வருசம் வேண்டாமுன்னுட்டாங்க. இது ஒண்ணுதான் கெடக்கு. இங்கயும் எடுபடலைன்னா பாட்ட விட்டுட்டு ஒட்டன்சத்திரத்துல மாமன் கடையில போயி உக்காந்துக்கிறேன்னு சண்முகசுந்தரிப் பாப்பா சொல்லிருச்சு. அக்காளுக்கு மேல சாரீரம். ஆனா வாயத் தொறந்து நாலு பேருகிட்டப் பேசாது. ஒன்னய மாதிரி."

அந்த வருஷம் பார்த்துப் பனி வரவில்லை. பந்தலுக்கு மேல் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மிருதங்கம் கணீரென்று பேசியது. சண்முகசுந்தரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிசிறு இல்லாமல் பாடினார். உண்மையைச் சொன்னால் அக்காவைவிட நன்றாகவே பாடினார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் தட்டுவதுபோல. பிறகு வானத்தைப் பார்த்தார்கள். என் மடியைப் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டு முடியும்போது பின்வரிசையில் பெண்கள் பிள்ளைகளுக்குத் துண்டு சுற்ற ஆரம்பித்தார்கள். பண்ணைக்காட்டு ஜீப் ஹார்ன் அடித்தது.

சண்முகசுந்தரி அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒட்டன்சத்திரம் தெரிந்தது.

பாடுகிறவர்கள் இளைப்பாற ஒரு டீ. பண்ணைக்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அமானுல்லா பாய்தான் வருஷா வருஷம் டீ கொண்டுவருவார். ஏலக்காய் தட்டிப்போட்ட டீ. எல்லாரும் குடித்து முடித்தார்கள். நாச்சிமுத்து அண்ணன் மிருதங்கத்தை மடியில் எடுத்து ஒரு தட்டு தட்டினார்.

தொப்.

இன்னொரு முறை தட்டினார். தொப். தோலை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"ஏலே, எவன்டா தோல நனைச்சது? ஏலக்கா வாசம் அடிக்குது!"

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அமானுல்லா பாயைத் திரும்பிப் பார்த்தது. அவர் டம்ளர் துடைக்கும் ஈரத்துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நனைக்கலைங்க. சும்மா மேல போட்டு வச்சேன். பனியும் வர மாட்டேங்குது, ஜனமும் கெளம்புது. நான் என்னதான் செய்ய?"

"ஒங்க டீயில தண்ணி கலக்குறது பத்தாதா பாய்? மத்தளத்துலயும் கலக்கணுமா?" என்று கண்மணி கத்தினாள். கிளம்பியவர்கள் நின்றார்கள். மிருதங்கம் என் மடிக்கு வந்தது. எல்லாரும் மறுபடி உட்கார்ந்துகொண்டு மேடையைப் பார்த்தார்கள்.

சண்முகசுந்தரி பேசவில்லை. கணப்பில் கரி வெடிக்கும் சத்தம் கேட்டது. மௌனம் எனக்குப் பழகிய இடம். ஆனால் அன்று அந்தப் பெண் அதில் தனியாக நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. தோலை வேகமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

"பேசுங்க தாயி! ஒங்கக்கா இந்நேரம் எங்கள ஒருவழி பண்ணியிருக்கும்" என்றது ஒரு குரல்.

"வந்த மொத வருசமே காப்பிச் சாக்கப் போத்திக்கிட்டுல்ல பாடுச்சு" என்றாள் கண்மணி.

பூண்டியிலிருந்து வந்திருந்த வேலுச்சாமி எழுந்துவிட்டார். பூண்டு விவசாயி. "காப்பிச் சாக்கா? அது எங்க பூண்டுச் சாக்கு. அன்னைக்கு மேடையில பூண்டு வாசம் அடிச்சுச்சுல்ல?"

"ஒங்க மேல எந்நேரமும் அந்த வாசந்தான் அடிக்கும். அதுக்குச் சாக்கு என்ன செய்யும்?"

பந்தல் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் காப்பி, அந்தப் பக்கம் பூண்டு. நான் காப்பிப் பக்கம். வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். சத்தம் உச்சத்துக்குப் போனபோது மேடையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"உப்புச் சாக்குங்க."

எல்லாரும் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது உப்புச் சாக்கு. எங்க வீட்டுப் பொட்டியிலதான் இருக்கு. ஊரு போயிச் சேருற வரைக்கும் அக்காவுக்கு ஒரே அரிப்பு. ஜீப்புல ரெண்டு கையாலயும் சொறிஞ்சுக்கிட்டே வந்துச்சு."

அமானுல்லா பாய் ஈரத்துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். "உப்பு மூட்டை என் கடையிலதானே! அப்ப அது என் சாக்கு! கேட்டுக்கோங்க எல்லாரும், என் சாக்கு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சண்முகசுந்தரியும் சிரித்துவிட்டார். சிரித்ததும் அவருக்குப் பேச வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கூட்டத்தைப் பார்க்காமல், சுருதிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு அக்கா மாதிரி பேச வராதுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். அக்கா ஒங்களுக்காகப் பேசல. அன்னைக்கு நாச்சிமுத்து அண்ணன் தலையத் தூக்காமக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. நீங்க பூசணிக்காயின்னு சிரிச்சீங்க. 'எல்லாரு கண்ணையும் எம்பக்கம் திருப்பிட்டேன்டி, அந்த மனுசன் தோலு காயுற வரைக்கும் நிம்மதியா உக்காந்திருந்தாரு'ன்னு ஜீப்புல சொல்லுச்சு. சொறிஞ்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. அப்புறமும் வருசா வருசம் அதுக்குத்தான் பேசுச்சு."

என்னைப் பேச வைக்கத்தான் அவர் என்னைச் சீண்டினார் என்று இத்தனை வருஷம் நான் எண்ணியிருந்தேன். கண்மணி தன் சிரிப்புக்காக என்று எண்ணியிருப்பாள். பந்தலில் இருந்த ஒவ்வொருவரும் தனக்காக என்றே எண்ணியிருக்க வேண்டும். நாச்சிமுத்து அண்ணன் மட்டும் அப்படி எண்ணவில்லை. என் பக்கத்தில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியாதே பாப்பா" என்றார். "தொணதொணன்னு பேசுதேன்னு நான் வஞ்சுக்கிட்டுல்ல இருந்தேன்."

வேலுச்சாமி மெதுவாகக் கையைத் தூக்கினார். "பூசணிக்கான்னு சொன்னது நாந்தாங்க. சும்மா வாய்க்கு வந்துருச்சு."

"ஒன்னயத்தாய்யா இத்தன வருசமாத் தேடுறேன்!" என்று நாச்சிமுத்து அண்ணன் எழுந்தார். வேலுச்சாமி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, பந்தல் அதிர்ந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

சண்முகசுந்தரி என்னைப் பார்த்தார். "என்னங்க, தோலு காஞ்சிருச்சுங்களா?"

காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. விரலால் தட்டாமலே எனக்குத் தெரியும். பந்தலைப் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்க விரும்பவில்லை. நானும்தான்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

நான் பேசியதைக் கேட்டுக் கண்மணி அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் இடத்திலிருந்து சண்முகசுந்தரி பாட்டை எடுத்தார். கண்ணை மூடவில்லை. அக்காவின் குரல் அல்ல, அக்காவின் பாணியும் அல்ல. ஆனால் எங்களைப் பார்த்துப் பாடினார். "பொய் சொல்லுது பேசாமடந்தை" என்று நாச்சிமுத்து அண்ணன் என் மடியிலிருந்து மிருதங்கத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சரியான இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். ஜீப் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் டிரைவரும் இறங்கி வந்து உட்கார்ந்தார்.

சண்முகசுந்தரி ஒட்டன்சத்திரம் போகவில்லை. இன்றும் தை மாதம் வருகிறார். இடைவேளையில் ஒன்றோ இரண்டோ வாக்கியம் பேசுகிறார். அதற்கே ஜனம் காத்துக் கிடக்கிறது. நாச்சிமுத்து அண்ணன் விரல் வீங்கி வாசிப்பதை நிறுத்திவிட்டார்; இப்போது அவர் அண்ணன் மகன் வாசிக்கிறான். அமானுல்லா பாய் கொடைக்கானல் பஜாரில் இன்னொரு கடை போட்டிருக்கிறார். அங்கும் அது தன் சாக்கு என்ற கதையைத்தான் சொல்கிறார். வேலுச்சாமி போன வருஷம் இறந்துபோனார். கண்மணியைப் பூண்டியில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே போனபின் அவளும் அது பூண்டுச் சாக்குதான் என்று சத்தியம் செய்கிறாள். சாக்கு நெய்க்காரப்பட்டியில் பெட்டிக்குள் இருக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. நான் அதே ஸ்டோரில்தான் இருக்கிறேன்.