பாலத்தின் மேல் ஒரு பீரோ

லாரியில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தாலும் வேலப்பனுக்கு மனசு ஆறாது. எண்ணூர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ள வியாதிதான். கொசஸ்தலை ஆற்றின் மேல் அறுபதடி உயரத்தில் கட்டிய புது இரும்புப் பாலத்தைச் சோதிக்க எட்டு மணல் லாரி கேட்டார்கள். வேலப்பன் மணலை எடை போட்டுச் சீட்டு வாங்கிய கையோடு திருவொற்றியூர் வீட்டுக்குப் போய், தங்கை கார்குழலியின் சீரையும் மேலே ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். கண்ணாடி வைத்த பீரோ, கட்டில், கிரைண்டர், வாஷிங் மெஷின்.

கார்குழலி வாழப்போன வீடு அக்கரையில், பாலம் இறங்குகிற இடத்திலேயே இருந்தது. "உங்க அண்ணன் குடுக்குற சீர ஒத்தக் கையில தூக்கினு வந்துடலாம்" என்று மாமியார் வரலட்சுமி இரண்டு மாதமாகக் குத்திக்கொண்டிருந்தாள். தங்கை போனில் அழுததிலிருந்து வேலப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் சீர் வீட்டுக்குள் போயாக வேண்டும்.

நடுப்பாலத்தில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினான்.

"நாளைக்குக் காலையில வந்து வண்டிய எடுத்துக்கோங்கண்ணே" என்றாள் என்ஜினியர் பெர்சிஸ்.

"நாளிக்கா? இன்னா மேடம், அக்கரைக்கு ஓட்டிக் காட்டினா போதும்னு நெனச்சினு வந்தேன்."

"இருபத்துநாலு மணி நேரம் பாரம் அசையாம நிக்கணும். பாலம் எவ்வளவு தாழுதுன்னு அளக்க ஆரம்பிச்சாச்சு. இனி பாரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது." சொல்லிவிட்டு, தார்ப்பாய் காற்றில் விலகியிருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். "மேல என்னண்ணே?"

"மணலு."

"மணல்ல கண்ணாடி தெரியுது."

வேலப்பன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தங்கை அழுததையும் சொன்னான். பெர்சிஸும் ஒரு வீட்டு மருமகள்தான். மூட்டை நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் சொன்னாள்.

"எடைக்கு எடை மேல ஏறினா சீர இறக்கிக்கோங்க. மணல் மூட்டைக்கு ஆள் அனுப்புறேன், மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

மணி பத்து. ஆரத்தித் தட்டோடு காத்திருந்து அலுத்துப்போன வரலட்சுமி, புருஷன் அசோகனையும் அவர் தம்பிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பாலத்தில் ஏறி வந்தாள். மற்ற டிரைவர்கள் சீரை இறக்கித் தராசில் வைத்தார்கள். முந்நூற்றுப் பத்து கிலோ.

"மாமா, ராகுகாலம் வருது. நீங்க மூணு பேரும் கொஞ்ச நேரம் மணல் மேல குந்துங்க" என்றான் வேலப்பன்.

அசோகனும் தம்பிகளும் தராசில் ஏறி இறங்கினார்கள். மூவரும் சேர்ந்து இருநூற்று முப்பத்தைந்து.

"இன்னும் எழுபத்தஞ்சு வேணும்" என்றாள் பெர்சிஸ்.

எல்லோரும் வரலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு ஆரத்தித் தட்டை ஒரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, ஏணியைப் பிடித்து ஏறினாள்.

டிரைவர்கள் தூக்கிப் போக, பத்து இருபத்தைந்துக்கு பீரோ வீட்டுக்குள் போனது. வேலப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூட்டை ஏற்றிய வண்டி கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது. ஒரு மணிக்கும் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு பேரும் மணல் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கார்குழலி பாலத்தில் நடந்து வந்து, அடுக்குக் கேரியரை மேலே நீட்டினாள்.

"சாப்புடுங்க அத்த. இத்த ஒத்தக் கையிலதான் தூக்கினு வந்தேன்."

வரலட்சுமி இரண்டு கையையும் நீட்டிக் கேரியரை வாங்கிக்கொண்டாள்.