நாலாம் நம்பருக்குப் பின்னேர ஷிப்ட்

அடுத்த கிழமைத் திட்டம் திரையில் விரிந்தபோது இரத்தினசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். நாலாம் நம்பர் மெஷினைத் தூக்கிப் பின்னேர ஷிப்டில் போட்டிருந்தது புது சிஸ்டம். மெஷினோடு சேர்த்து, அதில் நிற்கிற சந்திரவதனாவையும். சந்திரவதனா அவருடைய மனிசி. திரையின் அடியில் பச்சையாக ஒரு பொத்தான் மினுங்கியது: ஏற்கிறேன்.

மெல்பேர்ணின் டாண்டினோங்கில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில், பிஸ்கட்டைத் தொட்டுத் தின்னும் டிப் வகைகளைக் குட்டி டப்பாக்களில் அடைத்து மூடி ஒட்டுகிறார்கள். எந்த மெஷினில் எது எப்போது ஓடவேண்டும் என்று வெள்ளைப் பலகையில் காந்தங்களை நகர்த்தித் திட்டம் போட்டுவந்தவர் இரத்தினசிங்கம். வெள்ளைத் தயிர் முதலில், பீட்ரூட் பிறகு, முந்திரி கடைசியில், அதற்குப் பிறகு கழுவல். போன வருசம் பலகையைக் கழற்றிவிட்டு சிஸ்டத்தைப் பூட்டினார்கள். பூட்ட வந்த வாசுதேவன் சிட்னிக்காரன், ஊர் கோயம்புத்தூர். "சார், இனிமே நீங்க பிளான் பண்ணவே வேண்டாம். டிசைட் பண்ணா போதும்," என்றான். பிளானர் என்ற பதவியும் 'ஒப்டிமைசேஷன் லீட்' ஆயிற்று. பக்கத்து ரோவிலில் நடந்த பிறந்தநாள் விழா ஒன்றில், "முழு பக்டரியும் இப்ப என்ர விரல் நுனியில," என்று நாலு பேருக்குச் சொல்லியும் வைத்தார். அது உண்மைதான். விரல் நுனியில் இருந்தது அந்தப் பச்சைப் பொத்தான். அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

சந்திரவதனாவுக்குக் கார் ஓடத் தெரியாது. விடியப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக வந்து, மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றாகப் போவார்கள். பின்னேர ஷிப்ட் என்றால் அவர் தூங்கின பிறகு அவள் வருவாள், அவள் எழும்ப முதல் அவர் போவார். ஒரு வீட்டுக்குள் இரண்டு வாடகைக்காரர்.

திட்டத்தை மறுக்கவும் வழி இருந்தது, ஆனால் காரணம் சொல்லவேண்டும். சிஸ்டம் மூன்று காரணங்களை வைத்திருந்தது: மெஷின் பழுது, சாமான் தட்டுப்பாடு, பாதுகாப்பு. மனிசி என்று ஒன்று இல்லை. வாசுதேவனுக்குப் போன் எடுத்தார்.

"மெஷின் எங்க போகுதோ, ஆபரேட்டரும் அங்க போயிடுவாங்க சார். கழுவுற டைம் மிச்சமாகுதுல்ல?"

"தம்பி, அவ மெஷின்ர உதிரிப்பாகம் இல்லை."

"தெரியும் சார். சிஸ்டத்துல அப்படித்தான் இருக்காங்க."

போனை வைத்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, 'மெஷின் பழுது' என்பதை அழுத்தினார்.

சிஸ்டத்தின் சுறுசுறுப்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் கிரெய்க் பெட்டியோடு வந்து நின்றான். நாலாம் நம்பர் பூனைக்குட்டிபோல உறுமிக்கொண்டு ஓடியது. அவன் காதை வைத்துக் கேட்டான். பிறகு ஆங்கிலத்தில், "இதில பிழை ஒண்டும் இல்லை, என்ன?" என்றான்.

பொய்யைத் திரும்ப வாங்க இதைவிட நல்ல தருணம் வராது. "யெஸ்," என்றார் இரத்தினசிங்கம்.

ஓம், பிழை இல்லை என்றுதான் சொன்னார். எத்தனையோ வருசம் ஆங்கிலத்தில் வேலை செய்தும், 'இல்லை' என்று முடிகிற கேள்விக்கு அவருடைய வாய் தமிழில்தான் தலையாட்டும். கிரெய்க்குக்கோ, ஓம், பிழை இருக்கிறது என்று விளங்கியது.

"நானும் நினைச்சனான்," என்று ஸ்பானரை எடுத்தான்.

"நோ, நோ," என்றார் இவர் பதறி.

"நோ வொரிஸ், மேட்," என்றான் அவன்.

திறந்த மெஷினில் பழுது காணாத மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை. தேய்ந்த துண்டொன்று அகப்பட்டது. புதியது இத்தாலியிலிருந்து வரவேண்டுமாம். சிஸ்டம் ஒரு கணமும் கலங்காமல் நாலாம் நம்பரின் வேலையை மற்ற மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் புதுத் திட்டம் போட்டது. அதில் சந்திரவதனா காலையிலும் இல்லை, பின்னேரமும் இல்லை. அவள் கேசுவல், நாட்கூலி மாதிரி. மெஷின் இல்லாவிட்டால் ஷிப்ட் இல்லை.

திரும்ப வாசுதேவனுக்கு அடித்தார். "பழுதுன்னு நீங்கதானே சார் கொடுத்தீங்க? இனி பார்ட்ஸ் வந்து மாட்டினாத்தான் அந்த மெஷினோட லாக்கை சிஸ்டம் எடுக்கும். நீங்க அக்செப்ட் பண்ணிடுங்க. பண்ணாட்டியும் மூணு மணிக்கு அதுவே பண்ணிக்கும்."

இடைவேளையில் சந்திரவதனா கண்ணாடிக் கதவால் தலையை நீட்டினாள். கையுறை கழற்றவில்லை.

"இஞ்சருங்கோ, என்னைப் பின்னேரத்துக்கு மாத்தப்போகுதெண்டு பெட்டையள் கதைக்கினம். மெய்யே?"

"பின்னேரம் இல்லை."

"எனக்குத் தெரியும். நீங்கள் இருக்கேக்க விடுவியளே?" அவள் சிரித்தாள். "அண்டைக்கு விரல் நுனி எண்டு சொல்லேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது. இப்ப சரி."

"சந்திரா, நீர் ஒருக்கா இதில இரும்."

"இருக்க நேரமில்லையப்பா. மெஷினைக் கழட்டிப் போட்டிருக்கிறான், ஆர் துடைக்கிறது?"

போய்விட்டாள். அவர் சுட்டியில் கையை வைக்கவில்லை. வைக்காமல் இருப்பதாவது தன் வசம் என்று நினைத்துக் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். மூன்று மணிக்குப் பச்சைப் பொத்தான் தானாகவே சாம்பல் நிறமாயிற்று. நன்றி, ரட்ணா, என்றது திரை.

கண்ணாடிக்கு அப்பால் நாலாம் நம்பர் வயிறு திறந்து கிடந்தது. கழற்றின துண்டுகளைச் சந்திரவதனா ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கியிருந்தாள். கடைசித் துண்டைத் துடைத்து, லைட்டுக்கு நேரே உயர்த்தி, எங்காவது அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.