ஈரல் செல்கள் ஒளிரும் அறை

ஆய்வகத்தில் ஈரல் செல்களுக்கு நஞ்சு வைப்பது என் வேலை. கண்ணாடித் தட்டில் வளரும் செல்களின் மேல் குரோமிய உப்புக் கரைசலை விடுவேன். அது உள்ளே போனதும், உயிர் கொடுக்கிற ஆக்சிஜனே வெறி பிடித்ததுபோல் மாறி, செல்லின் சவ்வை அரிக்கத் தொடங்கும். கூடவே ஒரு சாயம் சேர்ப்பேன். சேதம் நடக்கிற இடமெல்லாம் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

"ஊர்ல எல்லாரும் வைத்தியம் பாக்கப் படிக்கிறாங்க. நீ விஷம் வைக்கப் படிச்சிருக்கே" என்று அக்கா சிரிப்பாள்.

அத்தானுக்கு முலாம் பூசும் பட்டறையில் வேலை. குழாய்களுக்கும் கைப்பிடிகளுக்கும் பளபளப்பு ஏற்றுவார். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத கோடையில், பட்டறையில் காலியான ஒரு நீலப் பீப்பாயை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தேய்த்துக் கழுவி, சமையலறை மூலையில் வைத்துக் குடிதண்ணீர் பிடித்தார்கள். அவர் சாப்பாடெல்லாம் பட்டறையில்தான். நாள் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்தவள் அக்கா.

முதலில் சோர்வு. பிறகு வாந்தி. கண் மஞ்சளானபோது, ஏதோ தொற்று என்றுதான் மருத்துவரும் நினைத்தார்.

மருத்துவமனையில் கிடந்த அவளுக்குக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போய், அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் மொண்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரில் தெரியாத வெளிர் மஞ்சள். நான் தினமும் கலக்குகிற குரோமிய உப்பின் நிறம். பீப்பாயின் அடி விளிம்பில் உறைந்திருந்த உப்பு இன்னும் கரைந்துகொண்டிருந்தது.

"அத்தான், இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பட்டறை உப்புதான். நல்லா கழுவிட்டுத்தானேம்மா…" சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளிறியது.

மருத்துவரிடம் ஓடினோம். அதற்குள் கை மீறியிருந்தது. இரண்டொரு நாளில் அக்கா போய்விட்டாள்.

மறுபடி வேலைக்குப் போனேன். இருட்டறையில் தட்டை வைத்துக் குனிந்தால், என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சிரைப்பது கேட்கும். விளக்கைப் போட்டுத் திரும்புவேன். வெறும் நாற்காலி.

ஒரு மத்தியானம் அத்தான் வந்து நின்றார். "அவளுக்கு உள்ள என்ன நடந்துச்சுனு நான் பாக்கணும்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது அவளா?"

"இல்ல அத்தான். முன்னபின்ன தெரியாத யாரோ. அவங்க செத்து எத்தனையோ வருஷமாச்சு. செல்லு மட்டும் வளந்துகிட்டே இருக்கு."

"இதுங்களுக்கு வலிக்குமா?"

"வலிக்காது."

"அவளும் அப்படித்தான் சொன்னா" என்றார்.

நான் நுண்ணோக்கியின் ஒளியை அணைத்தேன். பச்சை மறைந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. இருட்டில் எதையோ பார்த்துக்கொண்டே இருந்தார்.