மூன்றாவது முறை வாசலைக் கடந்தவன்

டிராகன் வரைவது சிநேகாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சீனத்து டிராகனுக்கு இறக்கை கிடையாது, அது நெருப்பைக் கக்காது, மழையைத்தான் கொடுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. செங்கல்பட்டில் பதருன்னிசா நடத்துகிற சிறுவர் பதிப்பகம், பழைய சீனத்துச் சரித்திரத்தையும் புராணத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வரிசையாகப் புத்தகங்களாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷமாக அவற்றுக்கெல்லாம் படம் இவள்தான். படிக்கிற பிள்ளைகளை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. ஒரு தடவை தளபதி ஒருவரின் குதிரைக்கு அங்கவடி வைத்து வரைந்துவிட்டாள். அந்தக் காலத்தில் கால் வைக்க அங்கவடியே கிடையாது என்று அணுபுரத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு பக்கம் கடிதம் எழுதிவிட்டாள். அன்று முதல் சிநேகா எதையும் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் பென்சிலைத் தொடுவதில்லை.

உடம்பு நிற்கிற விதத்தைக்கூட அவள் மனசிலிருந்து வரைய மாட்டாள். ஆளை நிறுத்தி, நடக்கவிட்டு, போனில் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைவாள். கூடுவாஞ்சேரியில் அவளோடு அறையில் தங்கியிருக்கும் ஜாக்குலின், பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு இதுவரை நாலு ராணிகளாக நின்றிருக்கிறாள். கீழே டீக்கடை முனீர், ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு தளபதியாக நின்றவர்தான். புத்தகம் வந்ததும், மூக்கை மட்டும் என்னுடையதாக வரையவில்லையே என்று அவருக்குப் பெரிய குறை.

ஏழாவது புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி வந்தபோதும் அப்படித்தான் சாதாரணமாகப் பிரித்தாள். வெள்ளத்தை அடக்கிய யூ என்பவனின் கதை. அவனுடைய அப்பா ஒன்பது வருஷம் அணைமேல் அணையாகக் கட்டித் தோற்றுப்போனார். மகனோ தண்ணீரைத் தடுக்கவில்லை, வாய்க்கால் வெட்டி அதற்கு வழிவிட்டான். பதின்மூன்று வருஷம் ஊர் ஊராக அலைந்தான். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் மூன்று தடவை தன் வீட்டு வாசல் வழியாகவே போனான். முதல் தடவை உள்ளே பிறந்த குழந்தை அழுதது. இரண்டாம் தடவை குழந்தை அம்மா இடுப்பிலிருந்து கையை நீட்டியது. மூன்றாம் தடவை பையன் வாசலில் நின்று அப்பா என்று கூப்பிட்டான். மூன்று தடவையும் யூ உள்ளே போகவில்லை. ஊருக்காக வீட்டை மறந்தவன் என்று சீனத்தில் நாலாயிரம் வருஷமாக அவனைக் கொண்டாடுகிறார்களாம்.

சிநேகா அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டாள். பத்து நாள் அதன் பக்கமே போகவில்லை. மற்ற பதினைந்து படங்களையும் முடித்து அனுப்பினாள். அந்த ஒன்று மட்டும் வரவில்லை. பதருன்னிசா போன் செய்து, படம் எங்கேம்மா என்று தன்மையாகக் கேட்டாள். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்றும் சொன்னாள். சிநேகா சனிக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி, திருப்போரூருக்குப் பக்கத்தில் இருக்கிற தன் ஊருக்குப் போனாள்.

அவள் அப்பா கண்ணாயிரம் அந்த ஊர் ஏரிக்கு லஸ்கர். கரையைப் பார்த்துக்கொள்வதும், மட்டத்தை அளந்து ஆபீசுக்குச் சொல்வதும், மேலிடம் சொன்னால் ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. ஷட்டர் சாவி அவர் வீட்டில்தான் இருக்கும். சாவி என்றால் இடுப்பில் செருகுகிற சாவி இல்லை. கை நீளத்துக்கு வளைந்த இரும்பு, தூக்கினால் தோள் இறங்கும்.

பத்து வருஷத்துக்கு முன்னால், அந்த டிசம்பர் மழையில், ஏரித் தண்ணீர் கரையின் உச்சியைத் தொட்டது. கரை உடைந்தால் மேல்தெரு, கீழ்த்தெரு, சுற்றியிருக்கிற நாலு ஊர் எல்லாமே போய்விடும். மிச்சத் தண்ணீரை வெளியே விடுகிற கலங்கல் ஷட்டரைத் திறந்தால் கரை தப்பும், ஆனால் தண்ணீர் தாழ்வாக இருக்கிற காலனிப் பக்கம்தான் வரும். கண்ணாயிரத்தின் வீடு காலனியில். ஊர்களில் தாழ்ந்த இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று அவர் மூன்று தடவை வீட்டைத் தாண்டிப் போனார். காலையில் மணல் மூட்டை டிராக்டரில். மத்தியானம் கடப்பாரையோடு. மூன்று மணிக்கு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து. அந்த மூன்றாவது தடவை சிநேகாவின் அம்மா பொன்னி வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டாள். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் இல்லாதவள், "சிநேகா அப்பா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பதிமூன்று வயசு சிநேகா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இருபதடி தூரத்தில் போனார். திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெருவில் தண்ணீர் வந்தது. பொன்னி மகளைச் சர்ச் மாடியில் ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருந்த பையை எடுக்கத் திரும்பிப் போனாள். தெருமுனைக் கல்வெர்ட்டுப் பாலம் தண்ணீருக்குள் மறைந்திருந்தது, அந்த இடத்தில் கால் தவறியது. இரண்டு நாள் கழித்து முள்காட்டில் கிடைத்தாள்.

கரை தப்பியது. தன் வீட்டைக் கூடத் திரும்பிப் பாக்காத மனுசன் என்று நாலு ஊரும் கண்ணாயிரத்தைப் புகழ்ந்தது. புகழ்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். குடியரசு தினத்தன்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அவர் மாட்டவே இல்லை, இன்றுவரை பீரோமேல் கவிழ்ந்து கிடக்கிறது. அந்த மழைச் சத்தத்தில் பொன்னி கூப்பிட்டது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று சாவுக்கு வந்தவர்கள் அவருக்காகச் சொன்னார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு விஷயம்தான் சிநேகாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அம்மா கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததா, இல்லையா. விழவில்லை என்றால் அவர் பாவப்பட்ட மனுஷன், அவரோடு உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். விழுந்தது என்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் பத்து வருஷமாகக் கேட்கவில்லை. வருவாள், சமைத்து வைப்பாள், சாயங்காலப் பஸ்ஸில் போய்விடுவாள்.

அன்றைக்கும் சோறு வடித்து, குழம்பு வைத்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஒரு படத்துக்காக நீ தெருவில் நடக்கணும், மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வேப்பமரத்திலிருந்து வந்து நம்ம வாசலைத் தாண்டிப் போகணும், வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்றாள். என்ன கதை என்று சொல்லவில்லை. கண்ணாயிரம் உடனே எழுந்துகொண்டார். மகள் ஒன்றைக் கேட்பதே அபூர்வம். மம்முட்டியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். கனமாக ஒன்று தோளில் இருந்தால் போதும்தானே என்று, மூலையிலிருந்த ஷட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

சிநேகா வாசலில், அம்மா நின்ற இடத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் தடவை நடந்து வந்தவர், வாசலுக்கு நேராக வந்ததும் தலையைத் திருப்பிவிட்டார். பார்க்கக் கூடாதுன்னு சொன்னேனே என்றாள். சரி சரி என்று திரும்பிப் போனார். குழாயடியில் குடத்தோடு நின்ற வரலட்சுமி, "இன்னா அண்ணாத்த, ஷூட்டிங்கா?" என்று சிரித்தாள். இரண்டாம் தடவையும் அதே கதைதான். வாசலுக்கு நேராக வந்ததும் நடை தானாக நின்றது. சாவியைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டார்.

"யாரும்மா இந்த ஆளு? எதுக்கு வூட்டைப் பாக்காம போறான்?"

சிநேகா சொன்னாள். வெள்ளத்தைச் சொன்னாள், அணை கட்டித் தோற்ற அப்பாவைச் சொன்னாள், வழிவிட்டு ஜெயித்த மகனைச் சொன்னாள், மூன்று தடவை வாசலைக் கடந்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் ஏரிப் பக்கம் திரும்பிவிட்டது. தண்ணிக்கு வழிவுட்டான் பாரு, அவன் வேலை தெரிஞ்சவன் என்று மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பொம்பள கூப்புடலியா அவனை?"

"புத்தகத்துல அவ பேசவே இல்லப்பா." சிநேகா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளம் நின்ற மட்டம் அந்தச் சுவரில் இன்னும் கோடாகத் தெரிகிறது. "அம்மா கூப்டுச்சே. உனுக்குக் கேட்டுச்சா?"

கேட்டேவிட்டாள். பத்து வருஷத்துக்கு நாலு வார்த்தைதான்.

"கேட்டுச்சு" என்றார் கண்ணாயிரம். "ரெண்டு தபாவும் கேட்டுச்சு. உன் பேரைச் சொல்லித்தானே கூப்டா. உனுக்கு இன்னாவோன்னு பகீர்னுச்சு. அப்பவும் திரும்பல."

"ஏன்?"

"திரும்பனா சொல்லணும்மா. நம்ம தெரு மேலதான் தண்ணியைத் தொறந்துவுடப் போறேன்னு அவ மூஞ்சியைப் பாத்து சொல்லணும். அதுக்கு தைரியம் இல்ல. தொறந்தா தண்ணி இங்க வர ஒரு மணி நேரம் ஆவும், அதுக்குள்ள ஓடியாந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கலாம்னு கணக்குப் போட்டேன். இருவது வருஷமா ஒரு மணி நேரந்தான் ஆச்சு."

மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சிநேகாவுக்கே விளங்கிவிட்டது. கலங்கலுக்கும் காலனிக்கும் நடுவில் முப்பது ஏக்கர் தாழ்வான நிலம் இருந்தது. எந்த மழைக்கும் தண்ணீர் முதலில் அதில் பரவி, நிரம்பி, அப்புறம்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த வருஷம் சித்திரையில் அதை மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, கொடி கட்டி பிளாட் போட்டிருந்தார்கள். கண்ணாயிரம் தினமும் அந்த மேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். ஆனாலும் அவர் மனசுக்குள் அது பழைய தாழ்நிலமாகவேதான் இருந்தது. தண்ணீருக்கு அந்த மயக்கம் கிடையாது. கால் மணி நேரத்தில் வந்துவிட்டது.

தெரியாதவன் செய்கிற தப்பு இல்லை அது. ஏரியைத் தன் உள்ளங்கைபோலத் தெரிந்துவைத்திருந்த லஸ்கர் ஒருவர்தான் அப்படியொரு கணக்கை நம்பியிருப்பார். சிநேகாவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. சொல்லியிருந்தால் அம்மா அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாளே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அதை அவர் பத்து வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது, படியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

கண்ணாயிரம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். சாவியைத் தூக்கித் தோளில் வைத்தார். "படம் வரலியே உனுக்கு. இந்தத் தபா பாக்க மாட்டேன்" என்றார். போதும்ப்பா, வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. வேப்பமரத்துக்குப் போய், அங்கிருந்து நடந்து வந்தார்.

இந்தத் தடவை அவர் பார்க்கவில்லை. சாவியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகி, வீட்டுப் பக்கத்துத் தோள் காதை மூடுவதுபோல மேலே ஏறியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கால்கள் வேகமாகப் போகப் பார்த்தன, பாதங்கள் மண்ணை விட மனசில்லாமல் தேய்ந்தன. அம்மா கடைசியாகப் பார்த்தது இதைத்தான். அன்று தானும் இதைப் பார்த்தவள்தான், ஆனால் திரும்பாத முதுகு என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அது கேட்டுக்கொண்டே போகிற முதுகு. கைதேர்ந்த ஓவியக்காரி என்று பேர் வாங்கியவளுக்கு இதைப் பார்க்க பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

யூவும் இப்படித்தான் போயிருப்பான். வீட்டை மறந்தவன் என்று எழுதினவர்கள் அவன் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள், தோளை அல்ல. எழுத்தில் அது அப்படியே இருக்கட்டும், படத்தில் வாசலுக்கு உள்ளேயிருந்து அந்தத் தோளை வரைவேன், வாசலில் அவன் பெண்சாதி வாய் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று சிநேகா தீர்மானித்தாள். அங்கவடி இல்லை என்று கடிதம் எழுதுகிற பிள்ளைகள் இதையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தத் தடவை போனைத் தூக்கிப் பிடிக்கவே இல்லை அவள். கண்ணாயிரம் இருபதடி தாண்டிப் போய்விட்டார். இன்னும் நடந்துகொண்டே இருந்தார், நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாதவரைப்போல ஏரிப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார்.

அவள் படியில் வந்து நின்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

"அப்பா. உள்ள வா. சோறு ஆறிகினு கீது."

கண்ணாயிரம் நின்றார். திரும்பினார்.

"கேட்டுச்சும்மா" என்றார். சாவியை வேலியோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.