பதினான்காம் சுற்றில் எடுத்த பையன்

மலாக்கி ஓடமை யாரும் கேட்கவில்லை. பதின்மூன்று சுற்று முடிந்து, டுவைட்டின் கார் ஷெட் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் நூற்று முப்பது பெயர்கள் ஒட்டியாகிவிட்டன. பதினான்காவது சுற்றில் தன் முறை வந்ததும் லைல் ஹார்ட்விக் எழுந்து போய், மிச்சமிருந்த தாள்களைப் புரட்டி, அந்தப் பெயரை உரித்து எடுத்தான். ஓடம் அமெரிக்கக் கால்பந்தில் டூலூத் அணிக்காக ஆடுகிற ரிசீவர்; எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவன் வேலை.

"டூலூத் ரிசீவரா?" என்றான் டுவைட்டின் தம்பி ரஸ். வாயில் பாதி பிராட்வர்ஸ்ட் சாசேஜ் இருந்தது. "அந்தக் கோச், வீடு தீப்பிடிச்சாக்கூடப் பந்தை எறிய விடமாட்டாரே. அணைச்சுக்கிட்டு ஓடு, முட்டி மோதிக்கிட்டு ஓடு, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்."

"அந்தப் பையன் பாவம்டா," என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தப்பா. "சம்பளம் வாங்கிக்கிட்டு வாக்கிங் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். லைலும் சிரித்தான். தாளை அட்டையில் ஒட்டிக்கொண்டே, "இந்த வருஷத்துக்கு இல்லப்பா. அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கலாம்னுதான்," என்றான்.

சொன்ன பிறகுதான் ஷெட்டில் சிரிப்பு நின்றது அவனுக்குத் தெரிந்தது. ரஸ்ஸின் மனைவி கடுகு சாஸ் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். கடுகு சாஸ் மேஜையிலேயே இருந்தது.

அந்த லீக்கில் பத்து இடங்கள். ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ ஆட்டக்காரர்களைச் சுற்றுக்கொருவராகப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பிடிக்கிற பந்தும் ஓடுகிற தூரமும் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போடுகிற டச் டவுனும் இவர்களுக்குப் புள்ளிகளாக வந்து சேரும். வாரம் ஒருவரோடு மோதல்; முன்னணியில் வருகிறவர்கள் கடைசியில் கோப்பைக்கு மோதுவார்கள். வருஷம் முடிந்ததும் அணிகள் கலைந்துவிடும். ஒரே ஒரு ஆட்டக்காரனை மட்டும் அடுத்த வருஷத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம்; அவனை எடுத்த அதே சுற்று அதற்குச் செலவாகும். பத்து இடங்களில் ஒன்பது ப்ரூக்மன் குடும்பத்துக்கு: அண்ணன் தம்பிகள், சித்தப்பாக்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள். பத்தாவது இடம் லைலுடையது. அந்த வீட்டுப் பெண் நடீனைக் கட்டிக்கொண்டபோது, பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, அது அவனுக்குக் கிடைத்தது. போன மார்ச்சில் விவாகரத்து முடிந்தது. ஆகஸ்டில் ஆள் எடுக்கும் நாளைப் பற்றி லீக்கின் போன் குழுவில் செய்தி வந்தபோது, வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இரண்டு பாக்கெட் பன் வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

இப்போது 'அடுத்த வருஷம்' என்று வேறு சொல்லிவிட்டான்.

"சரி," என்றான் டுவைட் கொஞ்சம் கழித்து. லீக்கை நடத்துவது அவன்தான். "ஓடம், டூலூத், லைலுக்கு. அடுத்தது யாருப்பா?"

செப்டம்பரிலிருந்து லைல் ஒவ்வொரு ஞாயிறும் டூலூத் ஆட்டத்தைப் பார்த்தான். ஓஷ்கோஷில் ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே அவன் குடியிருந்தான். கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போது தரை மெல்ல அதிரும், சோப்பு வாசனை மாடிப்படி ஏறி வரும். முன்பெல்லாம் ஞாயிறு மதியம் டுவைட் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று டிவி, பதினைந்து பேர், யாராவது ஒருவர் மடியில் ஒரு நாய் என்று கழியும். நடீன் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து அவன் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பாள். இப்போது அவளும் அங்கே இருப்பாள். அதனால் அவன் போகவில்லை. வராதே என்று இதற்கும் யாரும் சொல்லவில்லை.

ஓடம் நன்றாகத்தான் ஓடினான். அதுதான் கொடுமை. இருபத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு. ஆட்டம் தொடங்கியதும் நேராகப் பத்தடி போவான், இடுப்பை ஒரு சொடுக்குச் சொடுக்குவான், காவலுக்கு நின்றவன் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பான். பையன் தன்னந்தனியாக நிற்பான். பந்து வராது. அது நடுவில் யாரோ ஒரு தடியனின் வயிற்றில் புதைந்து மூன்று அடி நகர்ந்திருக்கும். ஓடம் திரும்பி நடந்து வருவான். முகத்தைச் சுளிக்க மாட்டான். அடுத்த முறை மறுபடி அதே வேகத்தில் ஓடுவான். கேமரா அவனைக் காட்டுவதில்லை. திரையின் ஓரத்தில் ஒரு நொடி தெரிவான், அவ்வளவுதான். லைல் அந்த ஓரத்தையே பார்த்துப் பழகிவிட்டான்.

முதல் வாரம் ஒரு பந்து, ஆறு யார்டு. இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. பதின்மூன்று வாரத்தில் மொத்தம் பதினேழு. அவனை விட்டுவிட்டு வேறு ஆள் எடுத்திருந்தால் லைல் இன்னும் இரண்டு ஆட்டமாவது ஜெயித்திருப்பான். குழுவில் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். "லைல், உன் பையன் நேத்து நல்லா வேர்வை சிந்தினான்." "லைல், டூலூத்துல தண்ணி கொண்டு வர்றவனுக்கு உன் ஆளைவிட ஜாஸ்தி தடவை பந்து கைக்கு வந்துச்சு." அவற்றைப் படிக்கும்போது அவனுக்குச் சுகமாக இருந்தது. கிண்டல் செய்கிறவரைக்கும் அவனும் உள்ளே இருக்கிறான்.

நவம்பர் முதல் வாரத்தில் டுவைட் வழக்கம்போல விதியை நினைவுபடுத்தினான். கடைசியாக வருகிறவர், வெளியே ஆள் காத்திருந்தால், இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பத்து வருஷமாக யாரும் காத்திருந்ததில்லை. இந்த முறை கீழே ஒரு வரி இருந்தது: காத்திருப்பவர், கார்ட் எல்ஸ்னர்.

கார்ட் யார் என்று லைலுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர் சின்னது. நடீனின் கார் நிற்குமிடத்தில் அவன் வண்டியும் நிற்பதைக் கோடையிலேயே பார்த்திருந்தான்.

கடைசி வாரம் வந்தபோது அடித்தட்டில் இரண்டு பேர்: லைலும் ரஸ்ஸும். ஆளுக்கு நான்கு வெற்றி. அந்த வாரம் இருவருக்கும்தான் மோதல். தோற்பவன் கடைசி.

புதன்கிழமை சாயங்காலம் லைல் சூப் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது டுவைட் கூப்பிட்டான்.

"ஒரு மாத்து பண்ணிக்கலாமா? இன்னிக்குத்தான் கடைசி நாள். நீ ஹாலிஸை எடுத்துக்கோ. எனக்கு ஓடமைக் குடு."

டுவைட்டின் அணியிலிருந்த ஹாலிஸ், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் அந்த வருஷம் நாட்டிலேயே மூன்றாவது பெரிய ஓட்டக்காரன். வாரம் தவறாமல் இருபது புள்ளி.

"குடிச்சிருக்கியா நீ?"

"புதன்கிழமைடா இன்னிக்கி."

"ஹாலிஸ் இல்லாம நீ கோப்பை ஆட்டத்துல முதல் சுத்துலயே அடிவாங்குவே."

"அது என் பாடு. உனக்கென்ன?"

"ஊரே சிரிக்கும் டுவைட். நாலு பேர் செல்லாதுன்னு கை தூக்கினா மாத்து போச்சு. தூக்காம இருப்பாங்களா?"

"தூக்க மாட்டாங்க. கேட்டுட்டேன்."

லைல் கரண்டியைக் கீழே வைத்தான். "யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். ஒவ்வொருத்தரா."

"ரஸ்கிட்டயுமா? மாட்டப்போறது அவன்தானே?"

"ரஸ்ஸுக்கு என்ன? ஒரு வருஷம் சும்மா உக்காருவான். அடுத்த வருஷம் காத்திருக்கிறவங்கள்ல முதல் ஆளா அவன் பேரு நிக்கும். எங்கம்மா பெத்தவனை யாரு..."

டுவைட் அங்கேயே நிறுத்திக்கொண்டான். கீழே ஒரு இயந்திரம் சுற்றி முடித்து மணியடித்தது.

"நான் அப்படிச் சொல்ல வரல, மச்சான்."

"தெரியும்."

"நீ இருக்கணும்னுதான் இதெல்லாம்."

"அதுவும் தெரியும். ரஸ்கிட்ட தாங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு." லைல் ஜன்னலைப் பார்த்தான். "பையனை நான் குடுக்கிறதா இல்ல, டுவைட்."

"லைல், அவன் பதினேழு பந்து பிடிச்சிருக்கான். வருஷம் பூரா."

"எறிஞ்சது இருபத்தொண்ணு. பதினேழைப் பிடிச்சிருக்கான்."

போனை வைத்துவிட்டு அவன் சூப்பை அடுப்பில் ஏற்றினான். ஒன்பது பேர், ஒருவர்கூட எதிர்க்காமல், தங்கள் ஆட்டத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தனக்காக. அதை நினைக்க நெஞ்சு நிறைந்தது. அதே நினைப்பின் இன்னொரு முனை குத்தியது: இப்படி ஏற்பாடு செய்தால்தான் இருக்கக்கூடிய ஆளாகிவிட்டோம்.

சனிக்கிழமை முழுவதும் அந்த வாரம் ஆடப்போகிறவர்கள் வரிசையில் ஓடமின் பெயர் இருந்தது. டுவைட்டிடம் அவ்வளவு பேசிவிட்டு அவனைப் பெஞ்சில், புள்ளி கணக்கில் சேராத இடத்தில், போட முடியுமா? ஞாயிறு காலை பத்து மணிக்கு டூலூத்தின் வானிலையைப் பார்த்தான். ஏரியிலிருந்து நாற்பது மைல் வேகத்தில் காற்று. மைதானத்துக் கொடிகள் பலகைபோல விறைத்து நின்றன. இந்தக் காற்றில் எறியவே மாட்டார்கள். எறிகிறவர்களே எறிய மாட்டார்கள், இந்தக் கோச்சா எறிவார்?

பதினொன்று ஐம்பத்தாறுக்கு, ஆட்டம் தொடங்கி அணிகளுக்குப் பூட்டு விழ நான்கு நிமிஷம் இருக்கும்போது, ஓடமை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய ஆளைப் போட்டான். பத்து வருஷமாக ஆடுகிறவன். எப்படியும் ஐந்தாறு புள்ளி கொண்டுவருவான்.

முதல் கால் பகுதியிலேயே டூலூத்தின் பெரிய ஓட்டக்காரன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்கு மாற்றாக வந்தவன் இரண்டு முறை பந்தை நழுவவிட்டான். எதிரணி பதினேழு புள்ளி முன்னால் போனது. கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்ததைக் கேமரா அருகில் காட்டியது. வேறு வழியில்லை. எறிந்தார்கள்.

ஓடம் முதல் பந்தைக் காற்றுக்குக் கீழே குனிந்து பிடித்தான். இரண்டாவதைத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் கை நீட்டிப் பிடித்தான். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் யாரும் தொடாமல் ஓடினான். லைல் எழுந்து நின்று கை தட்டினான். "பார்த்தியா? பார்த்தியா? நான் சொன்னேன்ல?" என்று உரக்கச் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்று பக்கத்தில் திரும்பினான். நாற்காலியில் அவன் கோட் கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஓடம் பெஞ்சில் இருப்பது நினைவுக்கு வந்தது.

எட்டுப் பந்து, இரண்டு டச் டவுன், இருபத்தெட்டுப் புள்ளி. அத்தனையும் பெஞ்சில் கணக்கில்லாமல் கிடந்தது. பழைய ஆள் ஐந்து கொண்டுவந்தான். ரஸ் தொண்ணூற்றேழு. லைல் தொண்ணூற்றொன்று.

பதின்மூன்று வாரம் அந்தப் பையனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று வயிறெரிந்திருக்கிறான். பார்த்த வாரத்தில் பார்க்காமல் போனவன் அவனே. வேறு யார் மேலும் கோபப்பட வழியில்லை. பிறகு, இருட்டுவதற்குள் துணி துவைத்துவிடலாம் என்று கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனான்.

அன்று குழுவில் ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. அதிலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டுவைட் மறுநாள் கூப்பிட்டான். "பதினொரு இடமா ஆக்கிடறேன் லைல். நான் எழுதின விதி, நானே மாத்தறேன்."

"பதினொண்ணா இருந்தா வாரம் ஒருத்தனுக்கு ஜோடி இருக்காது. சும்மா உக்காரணும்."

"மாத்தி மாத்தி உக்காரலாம்."

"வேண்டாம்பா," என்றான் லைல். கோபமில்லாமல்தான் சொன்னான். "அந்த மனுஷன் முறையாக் காத்திருந்தான். நான் முறையாத் தோத்தேன்."

செவ்வாய்க்கிழமை மதியம், லைல் வேலை பார்க்கும் பள்ளிப் பேருந்துப் பட்டறைக்குக் கார்ட் எல்ஸ்னர் வந்தான். லைல் ஒரு பேருந்தின் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தான். வந்தவன் எண்ணெய் சிந்தியிருந்த இடத்தைச் சுற்றி, ஷூவைப் பார்த்துப் பார்த்து வந்தான். தலை நரைக்கத் தொடங்கிய, பயந்த சுபாவமுள்ள ஆள். லைல் கற்பனை செய்து வைத்திருந்த உயரம் அவனுக்கு இல்லை.

"நான் கார்ட்."

"தெரியும்."

"உங்களுக்குத் தொந்தரவா இருந்தா போயிடறேன்."

"வந்தாச்சுல்ல. சொல்லுங்க."

கார்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். லைலின் அணி, பதினைந்து பெயர்கள், அழகான கையெழுத்தில். "இது இப்ப எனக்கு வருதாம். ஒருத்தரை மட்டும் வெச்சுக்கணும்னு டுவைட் சொன்னார். உண்மையைச் சொன்னா, எனக்கு இந்த ஆட்டமே சரியாத் தெரியாது. அவங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை இதைத்தவிர வேற பேச்சே இல்ல. நான் மட்டும் ஓரமா உக்காந்து சிப்ஸ் தின்னுக்கிட்டு இருக்கேன்."

லைலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முயன்று, முடியாமல் சிரித்துவிட்டான். கார்டும் தயங்கித் தயங்கிச் சிரித்தான்.

"வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"ரஸ்கிட்ட கேட்டா ஏதாவது ஒரு நொண்டிக் குதிரையைக் கட்டிவிட்டுட்டுச் சிரிப்பாராம். நடீன்தான் சொன்னா, லைல்கிட்ட போய்க் கேளு, அவன் சரியாச் சொல்வான்னு."

லைல் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். ஒன்பது மாதத்தில் அவளிடமிருந்து வந்த முதல் வார்த்தை இது. அதைக் கொண்டுவந்தவன் எதிரே காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

பழைய ஆளின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. எப்படியும் ஐந்தாறு கொண்டுவருவான்.

"பேனா இருக்கா?"

கார்ட் கொடுத்தான். லைல் காகிதத்தைப் பேருந்தின் சக்கர வளைவில் வைத்து, கடைசிக்கு ஒரு வரி மேலே இருந்த பெயரைச் சுற்றி வட்டம் போட்டான்.

"இவனை வெச்சுக்கோங்க. பதினாலாவது சுத்துல எடுத்த ஆளு, அதனால அடுத்த வருஷமும் அந்தச் சுத்துதான் செலவாகும். முன்னாடி பெரிய ஆளுங்களை நிதானமா எடுத்துக்கலாம்."

"ஓடம்," என்று படித்தான் கார்ட். "நல்லா ஆடுவானா?"

"ஆடுவான். ஆனா டூலூத்துக்காரங்க அவன் பக்கம் எறிய மாட்டாங்க. நாலு வாரம், அஞ்சு வாரம் ஒண்ணுமே வராது. எல்லாரும் விட்டுடு விட்டுடும்பாங்க, ரஸ்தான் முதல்ல சொல்வான். விட்டுடாதீங்க."

"சரி."

"பெஞ்சுலயும் போடாதீங்க. காத்தடிச்சாலும், மழை பெஞ்சாலும்."

கார்ட் அதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். கை நீட்டினான். லைல் தன் கையைப் பார்த்துவிட்டு, "கிரீஸ்," என்றான்.

"பரவாயில்ல," என்றான் கார்ட்.

குலுக்கினார்கள். கார்ட் வந்த வழியிலேயே எண்ணெயைச் சுற்றிக்கொண்டு போனான். வெளியே அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பிரேக் கழற்றிக் கிடந்த பேருந்து மூன்றரைக்குப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும். லைல் சக்கரப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் அடியில் படுத்தான்.