கோட்டின் கனம்

டேப் பிடிக்க வேண்டிய ஆள் அன்றைக்கென்று லீவு போட்டுவிட்டதால், மறுமுனையைத் தானே பிடித்துக்கொள்வதாக அக்கா சொன்னாள். பாத்திரம் கழுவிய ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வீட்டின் பின்பக்கம், ஏரிக்கரையில் அப்போதுதான் அடித்த இரும்பு முளையருகே குந்தியிருந்த தம்பி டேப்பை எடுத்தார்.

மாவட்ட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக வரைபடம் போடுகிறவர் அவர். அங்கே அவருக்கு அரைமில்லி என்று பெயர். கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறவரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? படத்தில் ஒரு மில்லி என்றால் தரையில் ஐந்து மீட்டர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் வாக்கியமே இதுதான். அவர் முதுகுக்குப் பின்னால் அதையே ராகம் போட்டுச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஏரிப் பாதுகாப்பு எல்லை கவுன்சிலுக்கு முதல் தடவை போனபோது கோட்டின் கனம் கால் மில்லிகூட இல்லை. அக்கா வீட்டுப் பின்சுவர் கோட்டுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி இருந்தது. அதனால்தான், தன் உறவினர் இடம் எல்லைக்குள் வருகிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டிய படிவத்தை அவர் கொடுக்கவில்லை. ஆனால் தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கோடு எங்கப்பா இருக்கு? இங்கேருந்து ஒரு மண்ணும் தெரியலையே" என்றார். அடுத்த கூட்டத்துக்கு, கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று மூன்று மில்லியில் சிவப்பாக அச்செடுத்துக்கொண்டு போனார் அரைமில்லி. எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் சுற்றுச்சூழல் அதிகாரி, "கோட்டுல எந்த ஓரத்த எல்லையா எடுத்துக்கறது?" என்று கேட்டார். யாரோ ஒருவர், "வெளி ஓரத்தையே வச்சுக்குவோம், ஏரிக்கு நல்லதுதானே" என்றார். கை தூக்கினார்கள். தீர்மானம் பதினோரு நிமிடத்தில் முடிந்தது; அக்கா வீடு எல்லைக்குள் வந்துவிட்டது. உண்மையான எல்லை கோட்டின் நடுவில்தான் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள், படத்தின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு மேடையோரம் நின்றிருந்தார். கூட்டத்தில் பேசுவது உறுப்பினர்கள் வேலை, படம் பிடிப்பது அவர் வேலை. அப்படித்தான் முப்பத்தோரு வருடம் ஓடியிருக்கிறது. பேசியிருந்தால், யாருக்காகப் பேசுகிறாய் என்று கேட்டிருப்பார்கள். கொடுக்காத படிவம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அக்கா தலையில் கல்லைப் போட்டுவிட்டு, படத்தை ஒழுங்காகச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

எல்லைக்குள் இருக்கும் வீடுகளை ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் அவகாசம். அதில் இருபத்தாறு நாள் போய்விட்டது. மெல்லிய கோடு போட்ட பழைய படம் அவர் பையில் நான்காக மடிந்து கிடந்தது. கனம் கூட்டியது நான்தான் என்று அதோடு நாலு வரி எழுதிக்கொடுத்தால் வீடு தப்பலாம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் அவர் வேலை தப்புமா என்பது வேறு கேள்வி. தினமும் பேனாவை எடுத்தார், தினமும் மூடி வைத்தார். பயம்கூட இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அக்காவைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தார். அதுவும் வரவில்லை.

"இந்தப் படம் நீ போட்டதுதானே?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"நெனச்சேன். அவ்வளவு நேரா வேற யாரு போடுவா?"

அதில் குத்தல் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு, "எவ்வளவு தூரம்?" என்றாள்.

"கோட்டோட நடுவுல அடிச்ச இந்த முளையிலேருந்து வெளி ஓரம் வரைக்கும் ஏழரை மீட்டர்."

"ஏழரையா? அது சரி." சிரித்த மாதிரிதான் இருந்தது.

பின்கதவு வழியாக உள்ளே போனாள். அவர் கையிலிருந்த சக்கரம் சுழன்று டேப் ஓடியது. இரண்டு மீட்டர். அடுப்படியில் ஏதோ மூடி தட்டி விழுந்தது. நான்கு. நடு அறையில் நாற்காலியை நகர்த்தும் சத்தம். ஆறு. வீட்டுக்குள் இருட்டாக இருந்ததால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"வாசக்கதவு வந்துடுச்சு தம்பி. போதுமா?"

பையின் வார் தோளை அழுத்தியது. அவர் எண்ணைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம், அக்கா."

"படியில நிக்கறேன். இப்ப?"

மஞ்சள் டேப் அடுப்படியையும் நடு அறையையும் கடந்து விறைப்பாக நின்றது. அந்த முனையில் அவள் மூச்சு வாங்குவது இந்த முனையில் அவர் விரலுக்குத் தெரிந்தது. எண் ஏழரையில் நின்றது. அவர் சக்கரத்தை விடவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.